வேம்பாருக்குக் கொண்டுபோன பேஸ்டல் பெட்டி

கண் மருத்துவமனையில் எங்கள் பிரிவுக்குப் புதிய அச்சு இயந்திரம் வந்திருப்பதாக நிவேதா போனில் சொன்னாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நோயாளியின் நல்ல கண்ணைப் படமெடுத்து, கருவிழியை அப்படியே அச்சடித்து, பிளாஸ்டிக்கில் பதித்துவிடலாமாம்.

“நீங்க அரை நாள் குனிஞ்சு வரைஞ்சதை, இது டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள தந்துருதுக்கா,” என்றாள். மாதிரிக்கு ஒரு படமும் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. கண் கேட்டு வருகிறவருக்கு அது சீக்கிரம் கிடைத்தால் சந்தோஷம்தானே. அவள் அதோடு விடவில்லை.

“நீங்க பேஸ்டல்ல படம் போடுதவங்க. கண்ணாஸ்பத்திரிக்கு எப்படிக்கா வந்திய? புதுசா சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் கேக்காவ. எழுதித் தாங்களேன்.”

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்தது பார்வை தரும் கண் இல்லை. விபத்திலோ நோயிலோ கண்ணை இழந்தவர்களுக்கு, அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளும் செயற்கைக் கண். அதைப் போட்டிருப்பவருக்கு அதன் வழியாக எதுவும் தெரியாது. அவரைப் பார்க்கிறவர்களுக்கு அவர் முன்போலத் தெரிவார். அவ்வளவுதான் அதன் உபயோகம். அது எவ்வளவு பெரிய உபயோகம் என்று வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தெரியாது.

எனக்கு ஊர் நாசரேத். அப்பா பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா தலையணை உறைக்கும், ஆலயத்து மேஜை விரிப்புக்கும் பூவேலை செய்து கொடுப்பாள். எங்கள் வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் நூல் இருக்கும். ஒரே சிவப்பில் இத்தனை சிவப்பா என்று நான் வியந்தது அந்த டப்பாக்களில்தான். தையல் தேர்வும் ஓவியத் தேர்வும் எழுதினேன். ஓவிய வகுப்பு எடுத்த டீச்சர் ஊர் மாறிப் போகும்போது, பாதி உடைந்த குச்சிகளோடு ஒரு பேஸ்டல் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மெழுகு போன்ற குச்சி இல்லை அது. விரலில் பட்டால் மாவாக ஒட்டுகிற, தூள் உதிர்கிற வகை. வழவழப்பான தாளில் அது நிற்காது. தச்சர் வைத்திருந்த உப்புத்தாளைக் கேட்டு வாங்கி அதன் மேல் போட்டுப் பார்த்தேன். சொரசொரப்பில் தூள் அப்படியே பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே இருக்கும் தேரி மணலை, அந்தச் செம்மண் மேடுகளை, நான் முதலில் வரைந்தது உப்புத்தாளில்தான்.

பேஸ்டலில் வண்ணத்தைக் குழைக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டும். அடியில் இருப்பது மேலே இருப்பதன் இடுக்கு வழியாகத் தெரியும். தேரியின் சிவப்புக்கு அடியில் ஊதா போட வேண்டும் என்று கண்டுபிடித்த அன்று, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மட்டும் அதைப் புரிந்துகொண்டாள். “சிவப்பு நூலுக்கு நடுவுல ஒரு இழை கத்திரிப்பூ சேர்த்தா இப்படித்தான் இருக்கும்,” என்றாள்.

ஓவிய ஆசிரியை வேலை கிடைக்கவில்லை. தூத்துக்குடிக்கு வந்து கிடைத்ததைச் செய்தேன். ரவிக்கையில் பூ போட்டேன். கண்ணாடியில் படம் எழுதினேன். சங்கும் சிப்பியும் ஒட்டி முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் செய்யும் ஒரு கடையில் சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அதே கடையில் குடில் வைப்பதற்கான பொம்மைகள் தயாராகும். கை நடுங்காது என்பதால், பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது.

கடைக்கார அண்ணாச்சி பின்னால் வந்து நின்று பார்ப்பார். “ஏளா, சூசையப்பரு என்ன இப்படி முறைக்காரு? பாலன் பொறந்துருக்காரு, சந்தோஷமா பாக்க வேண்டாமா?” என்பார். கருவிழியில் வைக்கும் வெள்ளைப் புள்ளியைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் சூசையப்பர் சாந்தமாகிவிடுவார்.

அந்தக் கடைக்குக் குடில் பொம்மை வாங்க வந்தவர்தான் செல்லையா சார். ஓட்டப்பிடாரத்துக்காரர். முதலில் பல்செட் செய்கிற வேலையில் இருந்து, பிறகு கண் மருத்துவமனைக்கு வந்தவர். பல்லுக்கும் கண்ணுக்கும் பொருள் ஒன்றுதான். அச்செடுக்கிற பசை, மெழுகு, வேகவைத்தால் இறுகிப்போகிற பிளாஸ்டிக். அவருக்கு அதெல்லாம் கைவந்தது. வண்ணம்தான் வரவில்லை. நான் எழுதிய கண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், “மனுசனுக்கு எழுதுவியாம்மா?” என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

அவர் நிஜமாகத்தான் கேட்டிருந்தார்; மருத்துவமனையில் அவரிடமே பயிற்சிக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் நெடுநாள் வெள்ளை மட்டும் செய்தேன். வெள்ளைவிழி வெள்ளையாக இருக்காது என்று தெரிந்துகொள்வதற்கே அத்தனை நாள் ஆனது. குழந்தைக்கு நீலம் ஓடும். வெயிலில் வேலை செய்பவருக்கு மஞ்சள் ஏறியிருக்கும். அதில் ஓடும் சிவப்பு நரம்புகளை வரையக் கூடாது. பட்டுநூலை ஊசி முனையால் பிரித்துப் பிரித்து, கடைசியில் மிஞ்சும் பிசிறை ஒட்ட வேண்டும். இதைக் காட்டிக்கொடுத்தபோது செல்லையா சார் நான் எப்படிப் பிரிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் நூல் டப்பாக்களில் வளர்ந்தவளுக்கு அது பெரிய வேலையா?

கருவிழிக்கு ஒரு சின்ன வில்லை. அதில் வண்ணத்தூளை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். வெளி ஓரத்தில் சாம்பல் கலந்த கறுப்பு, உள்ளே பழுப்பு, நடுவில் இருக்கும் கண்பாப்பாவைச் சுற்றி இன்னும் வெளிறிய ஒரு வளையம். காய்ந்த வண்ணம் பொய் சொல்லும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும். நோயாளி எதிரே இருக்கும்போது சாம்பல் நிறத் தாளில் பேஸ்டலால் அவர் கண்ணை ஒருமுறை வரைந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். எந்த நிறத்துக்கு அடியில் எந்த நிறம் இருக்கிறது என்பதை அந்தத் தாள் எனக்குச் சொல்லிவிடும்.

செல்லையா சார் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நோயாளியிடம் கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டார். “வீட்டுல இன்னிக்கு என்ன குழம்பு?” என்று ஆரம்பிப்பார். நோயாளி குழம்பைப் பற்றிச் சொல்ல, சார் தலையைச் சாய்த்து அந்த முகம் எப்படி அசைகிறது என்று பார்ப்பார். கண்ணைப் பொருத்தியதும் நான் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால் என்னைப் பின்னால் இழுப்பார். “பேசுத தூரத்துல நின்னு பாரும்மா. ஊர்ல யாரும் லென்ஸ் வச்சுக்கிட்டா பேசப் போறாவ?” என்பார்.

லூர்து வந்தபோது நான் ஓரளவு தேறியிருந்தேன்.

வேம்பாரிலிருந்து வந்திருந்தார். சங்கு குளிக்கிறவர், அதாவது கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிறவர். படகைக் கரையேற்றும்போது கயிறு அறுந்து, அதிலிருந்த கொக்கி இடது கண்ணில் அடித்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து புண் ஆறி, கண்ணுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். கூட அவர் மனைவி சகாயமேரி. செல்லையா சார் வழக்கம்போலக் குழம்பில் ஆரம்பித்தார். லூர்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கண்ணு போனது போகட்டும் சார். முங்க முடியாட்டி வலைக்குப் போயிக்கிடுவேன். புள்ளைதான் கிட்டக்க வரமாட்டேங்கா,” என்றார்.

ஒரே மகள், ஜெனி. எல்.கே.ஜி. படிக்கிறாள். அப்பாவின் நெஞ்சில் படுத்தால்தான் தூங்குகிற பிள்ளை. கட்டுப்போட்ட முகத்தோடு அவர் வீட்டுக்கு வந்த அன்று அலறிக்கொண்டு ஓடியவள், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. எதிரில் இருந்த பெரியம்மா வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். “கடைக்குப் போகணும்னாலும் இவரு இருக்க பக்கம் வராம சுத்திப் போறா அக்கா,” என்றாள் சகாயமேரி. லூர்து அதைக் கேட்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கைக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தக் கண்ணில் போட்டேன். பொருத்தியபோது செல்லையா சார் வாசலில் போகிற வருகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு எது செய்த கண் என்று கேட்டார். அவர்கள் மாற்றிச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்த்த லூர்து கன்னத்தைத் தடவிச் சிரித்தார். அன்று ராத்திரி மகள் நெஞ்சில் வந்து படுப்பாள் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில நாளில் திரும்பி வந்துவிட்டார். கண் அவர் முகத்தில் இல்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“முன்னாடி பயந்து ஓடுனா. இப்ப ஓடல. கதவுகிட்ட நின்னு பார்க்கா. பார்த்துட்டு, ‘இது எங்க அப்பா இல்ல. அப்பாவ எங்க?’ன்னு கேக்கா,” என்றார். பெரிய ஆள், கடலடியில் மூச்சடக்கி இருப்பவர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

கண்ணைக் கழுவிப் பொருத்திப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. செல்லையா சாரும் குனிந்து பார்த்தார். பிறகு லூர்துவின் தோளைப் பிடித்து வெளி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“எஸ்தர், இங்கன வாம்மா,” என்று என்னையும் கூப்பிட்டார்.

நல்ல வெயில். வலது கண்ணில் பாப்பா சுருங்கி, கருவிழி தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இடது கண் சட்டைப் பித்தான்போல இருண்டு கிடந்தது.

“நம்ம ரூம்ல, டியூப்லைட்டுக்குக் கீழ வச்சுச் செஞ்சோம். இவரு வீடு எங்க இருக்கு?”

“கடற்கரைல சார்.”

“அப்ப அங்கன போய்ப் பார்த்துச் செய்யி. நாளைக்கே போ. டூட்டின்னு நான் போட்டுக்கிடுதேன்.”

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் மடியில் பேஸ்டல் பெட்டியோடு போனேன். இரண்டு பக்கமும் உப்பளம். குவித்து வைத்த உப்பில் வெயில் பட்டுக் கண்ணைத் திறக்க முடியவில்லை. இந்த வெளிச்சத்தில் வாழும் மனிதருக்கு மூடிய அறையில் கண் செய்து கொடுத்திருக்கிறோமே என்று இருந்தது.

வீட்டு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லூர்துவைக் கடலைப் பார்த்து உட்கார வைத்தேன். நான் எதிரே, கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்துகொண்டு தாளை மடியில் வைத்தேன். எதிர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து, குச்சிகள் வெளியில் தெரியும்படி மணலில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“நீங்க டீச்சரா?”

“இல்ல. கலர் பார்க்க வந்தேன்.”

“என்ன கலர்?”

“உங்க அப்பா கண்ணு என்ன கலருன்னு எனக்குப் பிடிபட மாட்டேங்குது.”

“கறுப்பு,” என்றாள் உடனே.

“நானும் அப்படித்தான் நெனைச்சேன். இங்கேருந்து பார்த்தா அப்படித் தெரியல. நீ ஒருக்கப் பார்த்துச் சொல்லேன்.”

போய்விட்டாள் என்று நினைத்தேன். என் சேலையை ஒரு கை பிடித்தது. என் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு, தோளுக்கு மேல் மெதுவாக எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. லூர்துவுக்கு அது தெரிந்துவிட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “அசையாதீங்க லூர்து,” என்றேன். அவர் அசைந்துவிடுவாரோ என்று எனக்கு அவ்வளவு பயம்.

“கருப்பட்டிக் காப்பி,” என்றாள் ஜெனி.

“அது எந்தக் கலர்? எடுத்துத் தா.”

குனிந்து குச்சிகளைக் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சரியான நிறம். அதைப் பூசினேன். “ஓரத்துல இன்னும் கறுப்பு,” என்றாள். பூசினேன். அப்பாவைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக, அவள் என் முதுகிலிருந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். வலது கண்ணைப் பார்த்தே இடதையும் போட்டேன்; தாளில் இரண்டு கண்ணும் முடிந்தன. நான் கையைத் தட்டித் தூளை உதறினேன்.

“எறும்பு போடலையே,” என்றாள்.

“எந்த எறும்பு?”

“அப்பா கண்ணுல எறும்பு இருக்கும்லா?”

சகாயமேரி வாசலில் இருந்து அதட்டினாள். “ஏளா, சும்மா இரு. அவங்க வேலை செய்யட்டும்.”

ஜெனி கேட்கவில்லை. பழுப்புக் குச்சியின் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, என் படத்தில் இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக ஒரு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டு, “இங்கன,” என்றாள்.

நான் லூர்துவைப் பார்த்தேன். அவர் வாயைக் கையால் பொத்தியிருந்தார்.

“ஆமா அக்கா,” என்றார் கையை எடுத்து. “மச்சம் மாதிரி ஒண்ணு உண்டு. சின்னதுலேருந்தே உண்டு. அந்தக் கண்ணுலதான். நானே மறந்துட்டேன்.”

“எனக்குத் தெரியாதே!” என்றாள் சகாயமேரி.

“நான் அப்பா மேல படுத்துக்கிட்டு அதைப் பார்ப்பேன்,” என்றாள் ஜெனி என்னிடம். “அது நடக்கவே நடக்காது. அங்கனயே இருக்கும்.”

இருக்கும் கண்ணைப் பார்த்து இல்லாத கண்ணைச் செய்வதுதான் எங்கள் தொழில். வலது கண்ணில் எறும்பு இல்லை. அதனால் நான் செய்த கண்ணிலும் இல்லை. அவ்வளவு கிட்டத்தில் போய் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். அவளைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தாளை எடுத்துப் பார்க்க முடியாமல் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

செல்லையா சாரிடம் சொன்னேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். எறும்பு வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“எறும்பு கருவிழிய ஒட்டியா, கொஞ்சம் தள்ளியா?” என்று கேட்டார்.

“தள்ளி சார்.”

“வச்சிரு. ரொம்ப அழகா வச்சிராத. மச்சம்னா மச்சமாத்தான் இருக்கணும்.”

புதிய கண்ணைக் கடற்கரை வெளிச்சத்துக்குச் செய்தேன். பாப்பாவைச் சிறிதாக்கி, கருவிழிக்கு அடியில் காவியும் மஞ்சளும் ஏற்றி, மேலே கருப்பட்டிக் காப்பி. ஒவ்வொரு அடுக்குக்கும் வாசலுக்குப் போய் வெயிலில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டுநூல் பிசிறுகளை ஒட்டினேன். கடைசியாக ஊசி முனையில் கொஞ்சம் பழுப்புத் தூளைத் தொட்டு எறும்பை வைத்தேன். முதலில் வைத்தது பொட்டுப்போல அழகாக வந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு ஏறியதும் அது உள்ளே போய் அமர்ந்துகொண்டது.

பொருத்துகிற அன்று மூன்று பேரும் வந்தார்கள். ஜெனி அம்மாவின் இடுப்பில் இருந்தாள். செல்லையா சார் எங்களை அறையில் இருக்க விடவில்லை. எல்லோரையும் வாசல் பக்கம் இருந்த மர பெஞ்சுக்குக் கூட்டிவந்து, அங்கேயே வைத்துக் கண்ணைப் பொருத்தினார். பொருத்தியதும் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். குழம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

லூர்து மகளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் வராமல் போன நாட்கள் அவருக்கு நினைவிருந்திருக்கும். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

ஜெனி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். பேசுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். அது அவளுக்குப் போதவில்லை. இன்னும் கிட்டே வந்தாள். பெஞ்சில் ஏறி, அவர் தொடையில் முட்டி போட்டு, இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள்.

லூர்துவின் முகம் உடைந்துவிட்டது. வலது கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கண்ணிலும் வந்தது. அவர் திடுக்கிட்டு அந்தக் கன்னத்தைத் தொட்டு, ஈரமான விரலை என்னிடம் காட்டினார்.

“அக்கா, இந்தக் கண்ணும் அழுமா?”

“அழும் லூர்து. கண்ணீர் சுரக்குத இடம் மேல இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல,” என்றேன்.

“அப்பா, அழாதிய. எறும்பு நனையுது,” என்று சொல்லிவிட்டு, ஜெனி பாவாடை நுனியால் அந்தக் கண்ணை மட்டும் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பிறகு பெஞ்சில் அவரைச் சாயவைத்து, அவர் நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

சகாயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேம்பார் பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றாள். சொன்னவள் பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பஸ் போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.